எட்டு டப், நான்கு தட்டு: வீட்டில் கட்டும் இரை எலி ரேக், ஒரு நிகழ்வு ஆய்வு

பாம்பு போன்ற வளர்ப்பு விலங்குகளுக்கு இரையாகும் எலியை வளர்க்கும் ரேக்கில் எலி தப்பிக்கும் இடம் ஒன்று, எலி சாகும் இடம் வேறொன்று. தப்பிப்பது டப்பின் விளிம்புக்கும் மேல்வலைக்கும் நடுவே உள்ள சில மில்லிமீட்டர் இடைவெளியில். சாவது தண்ணீர்க் குழாயின் கோளாறில். மரவேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இந்த இரண்டையும் கோட்டைவிட்ட ரேக் சில வாரங்களிலேயே பல்லைக் காட்டிவிடும்.

இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ராட்டஸ் நார்வெஜிகஸ் இனத்து வளர்ப்பு எலிக்கான ரேக். நான்கு தட்டு, தட்டுக்கு இரண்டு டப், மொத்தம் எட்டு. இதன் முதல் வரைபடம் பலரும் முதலில் போடுகிற மாதிரியானதுதான்: பலகைத் தட்டில் டப் உட்காரும், மேலே கம்பிவலை, வலையிலிருந்து தொங்கும் தீவனக் கூடை, உச்சியில் 20 லிட்டர் தண்ணீர் டிரம். இந்த நான்கில் ஒன்றுகூடத் திருத்திய வரைபடத்தில் அப்படியே இல்லை. ஏன் மாறின என்பதுதான் இந்த ஆய்வு.

டப்பைத் தேர்ந்தெடுத்த பிறகே அளவுநாடா

சட்டத்தை முதலில் அடித்துவிட்டு அதற்கேற்ற டப்பைத் தேடுவது வேண்டாத வேலை. டப்தான் முதலில். அதுவும் எட்டுக்குப் பத்தாக, ஒரே அச்சில் வந்தவையாக, ஒரே நாளில் வாங்கிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே பெயரில் வரும் டப்பின் விளிம்பு 4 மி.மீ. அகலமாக இருந்தால் அது இந்த ரேக்குக்குள் போகாது. பத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். புதிய டப்பிலேயே விளிம்பு 2 மி.மீ. வரை கோணியிருப்பது சாதாரணம். சட்டத்தின் அளவு, இருப்பதில் அகலமான டப்பை வைத்துத்தான்.

இந்த ரேக்கின் டப், விளிம்போடு 62 × 42 செ.மீ., ஆழம் 20. விளிம்பு சுற்றிலும் 2 செ.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன். ஆகவே வாய்ப்பகுதி 58 × 38. சுவர் உள்நோக்கிச் சரிவதால் தரை 54 × 34 மட்டுமே. முதல் வரைபடத்தின் முதல் பிழை இங்கேதான் இருந்தது. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2011-இல் வெளியிட்ட ஆய்வக விலங்குப் பராமரிப்பு வழிகாட்டியின் எட்டாம் பதிப்பு, குட்டிகளோடு இருக்கும் ஒரு பெண் எலிக்கு ஏறத்தாழ 800 சதுர செ.மீ. தரையும் 17.8 செ.மீ. உயரமும் சொல்கிறது. விளிம்பளவை வைத்துப் பெருக்கினால் 2604 சதுர செ.மீ., மூன்று தாய்க்குத் தாராளம் என்று தோன்றும். எலி விளிம்பில் குடியிருப்பதில்லை. தரையைப் பெருக்கினால் 1836. அதாவது இரண்டு தாய், அவ்வளவுதான்.

டப்பின் பிளாஸ்டிக் 3 மி.மீ. தடிப்புள்ள பாலிஎத்திலீனாக இருந்தால் நல்லது. கண்ணாடிபோல் தெரியும் மெல்லிய பாலிபுரொப்பிலீன் பெட்டிகள் விளிம்பின் மூலையில் வெடிக்கும். உள்பக்கம் வழவழவென்று இருக்க வேண்டும். சமமான பரப்பில் எலியால் பல் பதிக்க முடியாது, முனை ஒன்று கிடைத்தால் போதும், அங்கிருந்து தொடங்கிவிடும். கைப்பிடித் துளை, வடிகாலுக்கென்று அச்சிலேயே வந்த குமிழ், உள்நோக்கிய வரிமேடு இவை உள்ள டப்பை வாங்கவே வேண்டாம்.

உட்காரும் டப்பும் தொங்கும் டப்பும்

டப் பலகையில் உட்கார்ந்தால் விளிம்புக்கும் வலைக்கும் உள்ள இடைவெளியைப் பலகை தீர்மானிக்கும். பலகை ஈரத்தில் வளையும், நடுவில் தொய்யும், டப்பின் அடியே மரச்சீவல் சேர்ந்து ஒரு பக்கம் தூக்கும். மூன்றும் சேர்ந்தால் இடைவெளி ஒரு மூலையில் 2 மி.மீ., எதிர்மூலையில் 12. விளிம்பிலேயே தொங்கவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. அடிப்பகுதி எவ்வளவு தொய்ந்தாலும் விளிம்பு இருந்த இடத்திலேயே இருக்கும். திருத்திய வரைபடத்தில் பலகைத் தட்டே கிடையாது. மரச்செலவும் குறைகிறது.

சட்டம் 5 × 5 செ.மீ. மரத்தில். 150 செ.மீ. கால்கள் ஆறு: இடம், நடு, வலம் என முன்னால் மூன்று, பின்னால் மூன்று. முன்பின் இணைப்பு 54 செ.மீ. துண்டு ஆறு, குறுக்கு இணைப்பு 42.6 செ.மீ. துண்டு எட்டு. கூட்டினால் 15.7 மீட்டர் சுமார், வெட்டுச் சேதத்துக்குச் சேர்த்து 17 மீட்டர். கால்களுக்கு நடுவே 42.6 செ.மீ. என்பது விளிம்பின் 42 செ.மீ. போக இரு பக்கமும் 3 மி.மீ. விடுகை. ஈரக் காலத்தில் மரம் உப்பினாலும் இந்த 3 மி.மீ. தாங்கிக்கொள்ளும். ரேக்கின் மொத்த அகலம் 100.2 செ.மீ., ஆழம் 64.

டப் ஓடும் தண்டவாளம் 20 × 20 × 3 மி.மீ. அலுமினிய ஆங்கிள், அதாவது எல் வடிவப் பட்டை. இதில் 25 மி.மீ. ஆங்கிளை வாங்கிவிடுவது வழக்கமான தவறு. இரு பக்கமும் 25 உள்ளே நீண்டால் நடுவே மிஞ்சுவது 37.6 செ.மீ., டப்பின் உடலோ 38. உள்ளேயே போகாது. 20 போட்டால் 38.6 கிடைக்கும், விளிம்பில் 17 மி.மீ. தண்டவாளத்தின் மேல் உட்காரும். எட்டு டப்புக்குப் பதினாறு துண்டு, ஒவ்வொன்றும் 64 செ.மீ. ஆறு மீட்டர் நீளத்தில் ஒன்பது துண்டு வருமென்பதால் இரண்டு நீளம் போதும். தண்டவாளத்தின் மேற்பரப்பு தரையிலிருந்து 35, 65.5, 96, 126.5 செ.மீ. உயரத்தில். திருகின் தலை ஆங்கிளுக்குள் புதைந்திருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த 3 மி.மீ. விடுகையை அதுவே தின்றுவிடும். நடுக் காலில் இரு பக்கத் திருகும் ஒரே உயரத்தில் வருவதால் 20 மி.மீ. நீளத்துக்கு மேல் போகக் கூடாது.

பின்பக்கத்தைப் பிளைவுட்டால் மூட ஆசை வரும், சட்டம் ஆடாமல் நிற்கும் என்று. மூடினால் காற்று நின்றுபோகும். பதிலாக இரண்டு இரும்புப் பட்டையைப் பின்னால் குறுக்காகப் பெருக்கல் குறிபோல் அடித்தால் போதும். அது இல்லாத சட்டம் சக்கரத்தில் நகர்த்தும்போதெல்லாம் சாய்சதுரமாகும், டப் பாதியில் இறுகி நிற்கும்.

அந்த இரண்டரை மில்லிமீட்டர்

விளிம்புக்கு மேலே இன்னொரு ஜோடி ஆங்கிள், தலைகீழாக. கீழ் ஆங்கிளுக்கும் மேல் ஆங்கிளுக்கும் நடுவே 5.5 மி.மீ.: விளிம்பின் தடிமன் 3, ஓடுவதற்கு 2.5. மாட்டும்போது 3 மி.மீ. தகடும் 2.5 மி.மீ. தகடும் சேர்த்து நடுவில் செருகி வைத்துக்கொண்டு திருகினால் அளவு தானாக அமையும். விளிம்பு கீழ்நோக்கி மடிந்த வகை என்றால் 3-க்குப் பதில் அந்த மடிப்பின் முழு உயரம் கணக்கில் வரும். இதற்கும் இரண்டு ஆறு மீட்டர் நீளம், ஆக மொத்தம் நான்கு.

வலை எங்கே வருகிறது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆங்கிளின் அடியில் வலையை வைத்து ரிவெட் அடித்தால் ரிவெட் தலையும் வாஷரும் கீழே துருத்தி, ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் விளிம்பைச் சீவும். சீவிய இடம் முனையாகும், முனை பல்லுக்கு வேலை கொடுக்கும். வலை ஆங்கிளின் மேலே இருக்க வேண்டும், அதன்மேல் பட்டையை வைத்து 8 செ.மீ.க்கு ஒரு ரிவெட். ரிவெட் தலை கீழ்ப்பக்கம் வராதபடி துளையைக் குடைந்து புதைப்பது அவசியம். அப்போது விளிம்பு பார்ப்பது வழவழப்பான அலுமினியத்தை மட்டுமே.

நீளவாட்டில் இப்படிச் சரியாகிவிடுகிறது. எலி வெளியேறுவது முன்பக்கத்தில். அங்கே ஆங்கிள் இல்லை, வலை நேராக நிற்கிறது. ஓடுவதற்கான 2.5-உம் ஆங்கிளின் 3-உம் சேர்ந்து 5.5 மி.மீ. திறப்பு. பால்குடி மறந்த குட்டி இதில் உடனே நுழையாது, ஆனால் மூக்கை விட்டுப் பற்களை விளிம்பில் பதிக்க இது தாராளம். பதித்த சில இரவுகளில் 5.5 என்பது 15 ஆகும். எனவே முன்னும் பின்னும் 20 × 3 மி.மீ. பட்டையை வலைக்கு அடியில் குறுக்கே வைத்து நான்கு பக்கமும் ஒரே மட்டமாக்க வேண்டும். எட்டு வலைக்கு 6.8 மீட்டர் பட்டை.

வலை 12 மி.மீ. கண். பற்றவைத்த பிறகு துத்தநாகம் பூசியதாகப் பார்த்து வாங்க வேண்டும். பூசிய கம்பியை வெட்டிப் பற்றவைத்த வகையில் ஒவ்வொரு சந்தியிலும் பூச்சு எரிந்திருக்கும், துரு அங்கிருந்துதான் கிளம்பும். இதே ரேக்கைச் சுண்டெலிக்குக் கட்டினால் 12 மி.மீ. கண் வலை கதவைத் திறந்து வைத்ததற்குச் சமம். அதற்கு 6 மி.மீ.தான்.

இன்னொன்று, டப் தானாக முன்னே நகரும். உள்ளே குதித்து ஓடும் எலிகளின் தள்ளலில் ஒரு இரவுக்குச் சில மில்லிமீட்டர் என்று நகர்ந்து, 2 செ.மீ. தாண்டியதும் முன்விளிம்பு பட்டையை விட்டு வெளியே வந்துவிடும். டப்புக்கு ஒரு திருப்புத் தாழ்ப்பாள் கட்டாயம்.

தீவனம் தொங்கக் கூடாது

வலையிலிருந்து 7 செ.மீ. கீழே இறங்கும் வி வடிவத் தீவனக் கூடை காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. டப்பை வெளியே இழுத்தால்தான் தெரியும்: பின்விளிம்பு கூடையில் போய் முட்டும். விளிம்பு மட்டத்துக்குக் கீழே எதுவும் தொங்கக் கூடாது என்பதே இந்த வகை ரேக்கின் முதல் விதி.

தீவனக் கட்டிகளை வலையின் மேலேயே பரப்பினால் போதும். 20 செ.மீ. ஆழத்தில் பெரிய எலி எழுந்து நின்று கண்வழியே கரண்டித் தின்னும், தீவனத்தில் மூத்திரமும் படாது. கட்டி 12 மி.மீ.க்கு மேல் தடிமனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வலை வழியே விழுந்துவிடும். வளர்ந்த எலிக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம், பால் கொடுக்கும் தாய்க்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. இரண்டு வாரம் தாண்டிய குட்டி தின்னத் தொடங்கும், ஆனால் அதற்கு வலை எட்டாது. அந்த டப்பில் தரையிலும் சில கட்டி போட வேண்டும். மேல் தட்டின் டப் அடிக்கும் கீழ் வலைக்கும் நடுவே 9 செ.மீ. சொச்சம் இடம் இருக்கிறது, கை நுழைந்து தீவனம் பரப்ப அது போதும்.

தண்ணீர்

இந்த ஆய்வில் அதிகக் கவனம் கேட்பது இந்தப் பகுதிதான். எலி 100 கிராம் எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 12 மி.லி. குடிக்கும். 400 கிராம் எலி மூன்று இருக்கும் டப்புக்கு 120 முதல் 144 மி.லி., பால் கொடுக்கும் காலத்தில் இரட்டிப்பு. எட்டு டப்புக்கும் சேர்த்து ஒன்று முதல் இரண்டரை லிட்டர். அப்படியிருக்க 20 லிட்டர் டிரம் எதற்கு? வாரம் ஒருமுறை நிரப்பினால் போதுமே என்ற சோம்பலுக்கு.

எலி நக்கும்போது நீர் விடும் குடிமுனைதான் நிப்பிள். அதன் உள்ளிருக்கும் ஊசி ஒரு மரச்சீவல் துணுக்கில் சிக்கித் திறந்தே நின்றுவிட்டால் டிரம்மில் இருப்பது முழுவதும் ஒரே டப்புக்குள் இறங்கும். 20 லிட்டர் இந்த டப்பில் ஏறத்தாழ 10 செ.மீ. உயரம். பெரியவை நீந்தித் தப்பும், கண் திறக்காத குட்டிகள் தப்பாது. அதே விபத்து 5 லிட்டர் கலனில் நடந்தால் 2.7 செ.மீ., மரச்சீவல் ஊறிப்போகும், கூடு மேடாக இருந்தால் குட்டி பிழைக்கவும் வழியுண்டு. ஆகவே கலன் 5 லிட்டர். தட்டுக்குத் தட்டு ஒரு அடைப்பு வால்வு.

மரச்சீவல் நிப்பிளைத் தொட்டுக்கொண்டிருந்தாலே திரிபோல் நீரை இழுக்கும், ஊசி சிக்க வேண்டும் என்பதில்லை. எலி கூட்டுக்காகச் சீவலை ஒரு மூலையில் குவிக்கும், அது நிப்பிள் இருக்கும் மூலையாக இருந்துவிடக் கூடும். அதனால் நிப்பிள் பின்சுவரின் நடுவில், தரையிலிருந்து 7.5 செ.மீ. உயரத்தில். சீவல் 3 செ.மீ. போட்டாலும் 4.5 மிச்சம். குட்டிக்கும் எட்டும்.

நிப்பிள் டப்பில் அல்ல, ரேக்கின் பின்னால் ஒவ்வொரு தட்டுக்கும் அடிக்கும் குறுக்குப் பட்டையில் இருக்கிறது. டப்பின் பின்சுவரில் 14 மி.மீ. துளை. டப்பைத் தள்ளினால் நிப்பிள் துளைக்குள் வந்து 5 மி.மீ. எட்டிப் பார்க்கும். சுவரின் சரிவை மறந்தால் இது நடக்காது. துளை இருக்கும் உயரத்தில் சுவர், விளிம்பின் ஓரத்தை விட 3.25 செ.மீ. உள்ளே இருக்கிறது. குறுக்குப் பட்டை விளிம்பை ஒட்டி வந்தால் நிப்பிள் அதிலிருந்து சுமார் 4 செ.மீ. நீள வேண்டும். துளையின் ஓரம் எலிக்கு விருந்து, அதனால் 5 × 5 செ.மீ. துருவேறா எஃகுத் தகட்டில் அதே துளையிட்டு உள்பக்கம் ரிவெட் அடிக்க வேண்டும். பத்து டப்புக்கும் ஒரே அட்டை அச்சை வைத்துக் குறித்தால்தான் எந்த டப்பும் எந்த இடத்திலும் பொருந்தும்.

கலனை ரேக்கின் உச்சியில் வைத்தால் மேல் தட்டு நிப்பிளுக்கு 36 செ.மீ. நீர்மட்ட அழுத்தம், அடித்தட்டுக்கு 127. ஒரு பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம்) என்பது 70 செ.மீ. நீர் என்பதால் அரை முதல் 1.8 பி.எஸ்.ஐ. வரைதான். நேரடிக் குழாய் அழுத்தத்துக்குச் செய்த நிப்பிள் இதில் சொட்டாமலே நிற்கும் அல்லது சரியாக மூடாது. குறைந்த அழுத்தத்தில் வேலை செய்வதாகப் பார்த்து வாங்க வேண்டும். மேல் தட்டில் தண்ணீர் வரவில்லை என்றால் நிப்பிளைக் குறைசொல்வதற்கு முன் குழாயில் காற்று அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கிளையின் கடைசியிலும் ஒரு சிறு திறப்பு வைத்தால் காற்றையும் அழுக்கையும் அதன் வழியே வெளியேற்றலாம். குழாயும் கலனும் கறுப்பாக, ஒளி புகாததாக இருந்தால் பாசி பிடிக்காது. குழாய் எந்த இடத்திலும் எலியின் வாய்க்கு எட்டக் கூடாது.

மூச்சு, சூடு, வெளிச்சம்

மூத்திரத்தின் யூரியாவைப் பாக்டீரியா உடைப்பதால் அம்மோனியா வருகிறது. டப்பின் நான்கு சுவரும் மூடியிருப்பதால் காற்று மாறுவது மேல்வலை வழியாக மட்டுமே. அறைக்குள் நிற்பவரின் மூக்கு சிறிது நேரத்தில் நெடிக்குப் பழகிவிடும், அதை நம்பி அளக்க முடியாது. எலியின் மூக்கு தரையிலிருந்து சில செ.மீ. உயரத்தில், நெடி பிறக்கும் இடத்திலேயே இருக்கிறது. மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்னும் நுண்ணுயிரால் வரும் மூச்சு நோயை அம்மோனியா மோசமாக்கும். கண்ணையும் மூக்கையும் சுற்றிச் செம்பழுப்புக் கறை தெரிந்தால் அது இரத்தமல்ல, போர்பிரின். எலி அவதியில் இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

தேவதாருவின் மணமுள்ள சீவல் வேண்டாம். ரேக்கைச் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். டப்பில் படியும் வெள்ளைப் படிவத்தை வினிகர் கரைக்கும். மூத்திரம் ஊறிய டப்பில் பிளீச்சை ஊற்றக் கூடாது, அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் வாயு எழும். முதலில் தண்ணீரில் நன்றாகக் கழுவிய பிறகுதான் பிளீச்.

எலிக்கு 20 முதல் 26 டிகிரி செல்சியஸ் ஏற்றது. உச்சித் தட்டு அடித்தட்டைவிடச் சூடாக இருக்கும், அதனால் வெப்பமானி இரண்டு: ஒன்று மேலே, ஒன்று கீழே. வெளிச்சமும் உச்சித் தட்டில்தான் நேராக விழுகிறது. வெள்ளை எலியின் விழித்திரை கடும் வெளிச்சத்தில் கெட்டுப்போகும். உச்சி வலைக்கு 10 செ.மீ. மேலே ஒளி மறைக்கும் பலகை ஒன்று போட வேண்டும், அதன்மேல் தண்ணீர்க் கலனை வைத்துக்கொள்ளலாம்.

எலி விடுவதற்கு முன்னும் பின்னும்

ஒவ்வொரு டப்பிலும் 5 கிலோ மணலை நிரப்பி இரண்டு நாள் தொங்கவிட வேண்டும். விளிம்பு தண்டவாளத்திலிருந்து நழுவுகிறதா, நடுவில் வளைகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். பிறகு 3 மி.மீ. கம்பி ஒன்றை விளிம்பின் மேல் நான்கு பக்கமும் ஓட்டிப் பார்க்க வேண்டும், எங்கும் அது நுழையக் கூடாது. தண்ணீருக்கு ஒவ்வொரு நிப்பிளின் அடியிலும் செய்தித்தாள் விரித்து ஒரு முழு நாள். நனைந்த தாளின் நிப்பிளைக் கழற்றிக் கழுவி மறுபடியும் அதே சோதனை.

எட்டு டப்பின் பங்கீடு: ஐந்தில் இரண்டிரண்டு பெண், ஒன்றில் பிரித்த ஆண் குட்டி, ஒன்றில் பிரித்த பெண் குட்டி, ஒன்று காலி. காலி டப்பின் இடம் கழுவும் சுழற்சிக்கு, அதை நிரப்பிவிட்டால் ஒரு கசிவு வந்தால் எலியை மாற்ற இடமிருக்காது. ஆண் நிரந்தரமாக ஒரே டப்பில் இருந்தால் ஈன்ற 24 மணி நேரத்துக்குள் தாய் மறுபடி சினையாகும், பழைய குட்டி பால் குடிக்கும்போதே அடுத்த ஈற்று வந்துவிடும். அதனால் ஆண் 12 நாளுக்கு ஒரு டப்பாக ஐந்தையும் சுற்றி 60-ஆம் நாள் முதல் டப்புக்குத் திரும்பும். பெண்ணின் பருவச் சுழற்சி 4 முதல் 5 நாள், 12 நாளில் இரண்டு வாய்ப்பு நிச்சயம். கர்ப்பம் 21 முதல் 23 நாள், பால் மறக்க 21 முதல் 28. அறுபது நாளுக்குள் தாய்க்குக் கொஞ்சம் ஓய்வும் கிடைத்துவிடுகிறது. ஒரே ஆணை நம்பினால் அது நோயுற்றால் எல்லாமே நின்றுபோகும், ஆண் குட்டி டப்பில் ஒன்றை அடுத்த முறைக்கென்று வளரவிடுவது நல்லது.

ஈற்றுக்குப் பத்துக் குட்டி என்று வைத்தால் 12 நாளுக்கு இருபது. நெரிசல் முதலில் வருவது இனப்பெருக்க டப்பில் அல்ல, பிரித்த குட்டி டப்பில். 100 கிராமுக்குட்பட்ட குட்டிக்கு அதே வழிகாட்டியின் கணக்கில் சுமார் 110 சதுர செ.மீ., 1836-இல் பதினாறு அடங்கும். 200 கிராமை நெருங்கினால் 148, பன்னிரண்டு மட்டுமே. பத்துப் பத்தாகப் பிரித்துவிட்ட 12-ஆம் நாள் அடுத்த பத்து வந்து நிற்கும். அதற்குள் முதல் பத்தில் பாதியாவது இரைக்குப் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் ஆணின் சுற்றை ஒரு டப் தாமதிக்க வேண்டும். ஐந்தாவது வாரத்தைத் தாண்டி ஆணும் பெண்ணும் ஒரே டப்பில் இருந்தால் குட்டிகளே சினையாகிவிடும். பிரிக்கும் தேதியை டப்பின் முன்சுவரில் ஒட்டுநாடாவில் எழுதி வைப்பது நல்லது, டப் இடம் மாறினாலும் தேதி கூடவே போகும்.